உளுந்துக்கும் வயது உண்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பேருக்கு இட்லி ஊற்றினேன். கொப்பரையைத் திறந்தால் ஒவ்வொன்றும் சப்பையாக, கல்லாக உட்கார்ந்திருந்தது. நாத்தனார் குத்தலாக ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணி, மாவு பொங்கலையோ?" என்றுதான் கேட்டாள். எனக்குத் தொண்டையை அடைத்தது. இருபது வருடமாக அரைக்கிற கை. நாலுக்கு ஒன்று என்ற அதே அளவு, அதே கிரைண்டர், ஈசூனில் அதே வீவக வீட்டுச் சமையலறை. குளிரைக் குறை சொல்லலாமென்றால் சிங்கப்பூரில் குளிர்காலமே கிடையாது. மாறியது உளுந்து மட்டும்தான்.

முந்தின நாள் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய முழு உளுந்து. வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது. அரைக்கும்போதே வயிறு கலங்கியது. மாவு காணவே இல்லை. நல்ல உளுந்து என்றால் ஒரு டம்ளர் போட்டாலே கிரைண்டர் நிறையப் பொங்கிவரும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். இது அடியிலேயே கிடந்தது.

இட்லி மெத்தென்று வருவது சும்மா இல்லை. மாவில் தானாக வளரும் லியூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை விடுகின்றன. அதை ஓடவிடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் கொழகொழப்பும் புரதமும். உளுந்து நாள்பட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். தஞ்சாவூரில் அம்மா கடைக்குப் போனால் அரிசி பழசா, உளுந்து புதுசா என்று கேட்டுத்தான் பையை நீட்டுவார்.

நானும் கேட்டேன். "பாக்கெட்டுல தேதி இருக்கே அக்கா" என்றார் கடைத் தம்பி. இருக்கிறது. அது பொட்டலம் கட்டிய நாளிலிருந்து போட்ட கணக்கு. செடியை விட்டு வந்து எத்தனை மாதம், ஆந்திராவா மியன்மாரா, இரண்டும் கலந்ததா, எந்தக் கிடங்கில் எவ்வளவு காலம் கிடந்தது? ஒன்றும் இல்லை. சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிற ஊரில் இதைக் கேட்பது தப்பா? பஃபலோ சாலைப் பூக்கடையில் மொட்டைப் பார்த்தே நேற்றைய பூவா என்று சொல்லிவிடலாம். தேக்கா ஈரச்சந்தையில் கீரை வாடினால் கண்ணுக்குத் தெரியும். உளுந்து முகம் காட்டாது.

விலை ஏறினால் காரணமாவது சொல்கிறார்கள். 2023 ஆகஸ்டில் இந்தியா புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது செய்தியில் வந்தது. 2024 அக்டோபரில் அதை நீக்கியதும் வந்தது. தரம் இறங்கினால் மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை.

தரத்தை ஒளிக்காமல் சொல்கிற ஓரிடத்தை என் மகன் காட்டினான். அவன் இணையத்தில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாடுகிறவன். 2022 நவம்பரில் வந்த டிராகன்ஃப்ளைட் பதிப்பில் மூலிகைக்கும் தாதுவுக்கும் மூன்று தரம் வைத்தார்களாம். ஏலச் சந்தையில் தரத்தைப் பார்த்துத்தான் விலை. வாள் அடிக்க உட்கார்ந்தால் கொல்லனின் திறன் இவ்வளவு, போட்ட தாது கூட்டியது இவ்வளவு என்று கணக்குக் காட்டி, வாள் ஐந்து தரத்தில் எந்தத் தரமாக வரும் என்று முன்கூட்டியே திரையில் சொல்லிவிடுகிறது. மட்டமான தாதுவுக்கான பழியைக் கொல்லன் சுமப்பதில்லை. மகன் அதைக் காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைப்பக்குவம், கைப்பக்குவம் என்று புகழ்கிறோம். மாவு பொங்காத அன்றைக்கு முழுப் பழியும் அந்தக் கைக்குத்தான். எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் உளுந்து செய்த தப்புக்குத் தலைகுனிந்திருப்பார்கள்!

இறக்குமதி செய்கிறவர்களே, கடை வைத்திருக்கிறவர்களே, பொட்டலத்தில் அறுவடை மாதத்தையும் விளைந்த ஊரையும் அச்சிடுங்கள். புது உளுந்துக்கு ஐம்பது காசு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். பழசென்றால் பழசு என்றே எழுதி விலையைக் குறைத்து வையுங்கள். தாளிப்பதற்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.