ரெசாங் லா 1962: 120, 114, 1,000... எந்த எண்ணை நம்பலாம்?

2025 நவம்பரில் ஃபர்ஹான் அக்தர் நடித்த ‘120 பகதூர்’ இந்திப் படம் வந்தபோது, சண்டையைவிடப் படத்தின் பெயர்தான் அதிகம் பேசப்பட்டது. ‘120 வீர் அஹிர்’ என்று மாற்றச் சொல்லி ஹரியானாவில் போராட்டம் நடந்தது, நீதிமன்றத்துக்கும் போனார்கள். உங்கள் வாட்ஸ்அப்புக்கும் ஒரு ஃபார்வர்டு வந்திருக்கலாம்: ‘120 பேர் சேர்ந்து 1,000 சீன வீரர்களைக் கொன்றார்கள்’ என்று. இதில் எது உறுதி, எது இல்லை?

என்ன நடந்தது?

ரெசாங் லா என்பது லடாக்கில் சுஷுல் பகுதிக்குத் தென்கிழக்கே இருக்கும் ஒரு கணவாய். ‘லா’ என்றாலே கணவாய்தான். உயரம் 16,000 அடிக்கும் மேல். சுஷுலில் ஒரு விமான ஓடுதளம் இருந்தது. அது கைவிட்டுப் போனால் லேவுக்கே ஆபத்து. அதனால் காஷ்மீரின் பாராமுல்லாவில் இருந்த 13 குமாவோன் பட்டாலியனை அங்கே அனுப்பினார்கள். ரெசாங் லாவைக் காக்கும் பொறுப்பு அதன் சார்லி கம்பெனிக்கு. தலைமை, ராஜஸ்தானைச் சேர்ந்த மேஜர் ஷைத்தான் சிங். வீரர்கள் பெரும்பாலும் ரேவாரி, மகேந்திரகர் பக்கத்து அஹிர்கள்.

1962 நவம்பர் 18 அதிகாலை சீனப் படை தாக்கியது. சார்லி கம்பெனிக்கு உதவ வேண்டிய இந்தியப் பீரங்கிகளுக்கும் அதற்கும் நடுவே ஒரு மலை. குண்டுகள் அதைத் தாண்டி வர வழியில்லை. கையில் இருந்தவை, ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் இழுத்து நிரப்ப வேண்டிய .303 துப்பாக்கிகள், சில இலகு இயந்திரத் துப்பாக்கிகள், மோர்ட்டார்கள். உறைபனிக்கு ஏற்ற உடைகூட சரியாக இல்லை. படுகாயமடைந்த மேஜரைச் சுமந்து வந்த வீரர்களிடம், ‘என்னை விட்டுவிட்டுப் போங்கள்’ என்று அவர் சொல்லிவிட்டார்.

114 என்ற எண் எப்படி வந்தது?

கதையின் கனமான பகுதி இதுதான். உயிர் பிழைத்துக் கீழே வந்த ஒருசிலர் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. ஒரு கம்பெனி மொத்தமும் கடைசிவரை நின்றது என்பதற்கு அப்போது வேறு சாட்சி கிடையாது. 1963 பிப்ரவரியில் ஒரு மேய்ப்பர் அந்தப் பக்கம் போனபோதுதான் பனியில் உறைந்த உடல்கள் தெரிய வந்தன. தேடிப் போன குழு பார்த்தது: பதுங்குகுழிகளிலேயே, ஆயுதத்தைப் பிடித்தபடியே இறந்திருந்தார்கள். மருத்துவ உதவியாளர் ஒருவரின் கையில் ஊசியும் கட்டுத்துணியும் இருந்தன.

சுஷுல் நினைவுச்சின்னம் சொல்லும் எண் 114. சில பதிவுகளில் 110 என்றும் இருக்கிறது. எதை எடுத்தாலும், சுமார் 120 பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரிழந்திருக்கிறார்கள். ஷைத்தான் சிங்குக்கு பரம் வீர் சக்ரா. கம்பெனிக்கு 8 வீர் சக்ரா.

அப்போ அந்த 1,000?

இங்கேதான் கவனம் வேண்டும். 1962 போர் முழுவதிலும் தங்கள் தரப்பில் இறந்தவர்கள் 722 பேர் என்பது சீனாவின் அதிகாரப்பூர்வக் கணக்கு. ஒரே சண்டையில் 1,000 பேர் என்றால், அது சீனா சொல்லும் மொத்தத்தையே தாண்டுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. சீனா தன் இழப்பைக் குறைத்துக் காட்டியிருக்கலாம், இந்தியத் தரப்பு கூட்டிச் சொல்லியிருக்கலாம். 114-க்கு உடல்கள் சாட்சி. 1,000-க்கு அப்படி எதுவும் இல்லை.

பெயரில் ஏன் சாதி?

குமாவோன், மெட்ராஸ், சீக்கியர், ஜாட் என ராணுவத்தின் பல ரெஜிமென்ட்கள் பகுதி அல்லது சமூகத்தின் பெயரில் இருப்பது ஆங்கிலேயர் காலத்து வழக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு, சாதி, மத, பகுதி அடிப்படையில் புது ரெஜிமென்ட் கிடையாது என்பதே அரசின் நிலைப்பாடு. அஹிர்களின் வாதம் வேறு: ‘பழைய பெயர்கள் அப்படியே தொடரும்போது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?’ அஹிர் ரெஜிமென்ட் கேட்டு 2022-ல் குருகிராமில் நீண்ட போராட்டம் நடந்தது. அவர்கள் முன்வைக்கும் முதல் ஆதாரமே ரெசாங் லாதான்.

இப்போது அந்த இடம்?

2020 ஆகஸ்ட் இறுதியில் இந்திய வீரர்கள் ரெசாங் லா உள்ளிட்ட கைலாஷ் மலைத்தொடர் உச்சிகளைப் பிடித்தார்கள். 2021 பிப்ரவரி ஒப்பந்தப்படி இரு தரப்பும் பின்வாங்கின. அதே ஆண்டு நவம்பர் 18-ல், புதுப்பித்த நினைவிடத்தை ராஜ்நாத் சிங் திறந்து வைத்தார். ஆனால் ஷைத்தான் சிங்கின் உடல் கிடைத்த இடத்தில் இருந்த பழைய நினைவுச்சின்னம், இடைப்பகுதி எல்லைக்குள் வந்ததால் அகற்றப்பட்டதாக சுஷுலின் முன்னாள் கவுன்சிலர் கொஞ்சோக் ஸ்டான்சின் 2023-ல் சொன்னார்.

எத்தனை பேரைக் கொன்றார்கள் என்பது பற்றிதான் ஃபார்வர்டுகள் வருகின்றன. பீரங்கி ஆதரவு இல்லாத இடத்தில், பனி உடை இல்லாமல் ஒரு கம்பெனியை நிறுத்தியது யார் என்ற கேள்வி அவற்றில் வருவதில்லை. 114 பேருக்கும் நாம் கடன்பட்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். அடுத்த முறை ஃபார்வர்டு வந்தால், அதையும் சேர்த்து அனுப்புங்கள்.