வைத்தியர் கையில் பொதுப் பணம்

நோயை அறிந்தவர் வைத்தியர். ஆகவே நோயாளிக்காகச் செலவிடப்படும் பணத்தையும் அவரிடமே ஒப்படைத்துவிடலாம். 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சுகாதார அமைச்சராக இருந்த அண்ட்ரூ லான்ஸ்லி முன்வைத்த திட்டத்தின் சாரம் இதுவே. கேட்பதற்கு இனிமையான வாதம்! 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2013 ஏப்ரல் முதலாந் தேதி 211 குழுக்கள் தோன்றின. ஊர் வைத்தியர்கள் தலைமை தாங்கிய இக்குழுக்களே, ஆஸ்பத்திரிகளிடமிருந்தும் பிறரிடமிருந்தும் மக்களுக்கு வேண்டிய வைத்திய சேவைகளைக் கொள்வனவு செய்தன. தேசிய சுகாதார சேவையின் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவர்கள் கைக்கு வந்தது.

இக்குழுக்களின் நிருவாகம் நேர்மையாக நடைபெறவேண்டும் என்று எழுதுவதும் ஒரு பொருளா என்று இரு சாரார் கேட்கக்கூடும். வைத்தியர் தொழில் புனிதமானது, கணக்குக் கேட்பது அவர்களை அவமதிப்பதாகும் என்பர் ஒரு சாரார். சுகாதாரத்தைச் சந்தைச் சரக்காக்கிய சட்டமே அழுகல், அதற்குள் ஒழுங்கு தேடுவது வீண் வேலை என்பர் நமது நண்பர்கள் சிலர். இரு சாராரோடும் எமக்கு வழக்குண்டு.

முதலாவது சாராருக்கு வருவோம். 1948இல் அனாய்ரின் பெவன் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியபொழுது வைத்திய சங்கம் அதனைக் கடுமையாக எதிர்த்தது. அவ்வெதிர்ப்பைத் தணிக்கச் செய்யப்பட்ட சமரசங்களுள் ஒன்றின் விளைவு இன்றும் நிலைத்திருக்கிறது. குடும்ப வைத்தியர் அரசாங்கத்தின் சம்பள உத்தியோகத்தர் அல்லர். ஒப்பந்த அடிப்படையில் சேவை வழங்கும் சுயாதீனத் தொழிலினர். தமது மருத்துவ நிலையத்தின் வரவும் செலவும் அவருடையவை. தனியார் கம்பனியொன்றில் பங்கு வாங்கவும் அவருக்குத் தடையில்லை. இத்தகையவரைக் கொள்வனவு செய்யும் மேசைக்குத் தலைவராக்கினால் என்ன நிகழும்? விற்பவரும் வாங்குபவரும் ஒரே நாற்காலியில் அமர்வர்.

இது எமது கற்பனையன்று. குழுக்கள் பணி தொடங்குமுன்பே, 2013இல், பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, அவற்றின் பொறுப்புக்களில் இருந்த 1179 வைத்தியர்களுள் 426 பேருக்கு, அதாவது 36 வீதத்தினருக்கு, தமது சொந்த மருத்துவ நிலையத்துக்கு அப்பால் இலாப நோக்குடைய சுகாதார நிறுவனங்களில் பண நலன் இருந்தது. 2015இல், குடும்ப வைத்தியச் சேவையைக் கொள்வனவு செய்யும் பொறுப்பும் இக்குழுக்களுக்கு வழங்கப்பட்டபோது சிக்கல் முற்றியது. தமக்குத் தாமே கூலி நிர்ணயிக்கும் நிலை அது.

வைத்தியர்கள் கெட்டவர்கள் என்று நாம் கூறவில்லை. நள்ளிரவில் நோயாளி வீட்டுக்கு நடந்த வைத்தியர்களை நாமும் அறிவோம். ஆனால் ஒருவருடைய நற்குணத்தை நம்பிப் பொதுப் பணத்தை விடுவது அவருக்கே செய்யும் தீங்கு. நேர்மையானவருக்குத் தம் நேர்மையைக் காட்ட ஏடு வேண்டாமா? ஆகவேதான் ஒவ்வோர் உறுப்பினருடைய நலன்களையும் பதிந்து வெளியிடவேண்டுமென்றும், தம் நலன் தொடும் விடயம் எழும்போது அவர் முடிவிலிருந்து விலகவேண்டுமென்றும் விதிகள் வந்தன.

இவ்விதியிலும் ஒரு முடிச்சுண்டு. மருத்துவ நிலையங்களுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தைப் பற்றிய விடயம் வருகிறதென வைத்துக்கொள்வோம். வைத்தியர்கள் எழுந்து வெளியே செல்கிறார்கள். எஞ்சுவோர் யார்? சட்டம் வேண்டிய இரு பொது உறுப்பினர், ஒரு தாதி, வெளியூர் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஒரு விசேட வைத்தியர், சம்பள உத்தியோகத்தர் இருவர். பொது உறுப்பினரோ முழுநேரத்தவர் அல்லர். அதே குழுவின் உத்தியோகத்தர் தயாரித்த பத்திரங்களைப் படித்தே அவர் கேள்வி கேட்கவேண்டும். அவரைத் தெரிந்தெடுத்ததும் அதே குழுவே! 2016ஆம் ஆண்டு வழிகாட்டி, பொது உறுப்பினர் மூவராவது வேண்டுமென்றது நல்லதே. ஆனால் அவர்களுக்குக் கணக்கை வாசிக்கும் பயிற்சியும், போதிய நேரமும், மறுக்கும் துணிவும் இல்லையேல் மூவரென்ன, முப்பதின்மர் இருந்தென்ன?

இனி நமது நண்பர்கள். சந்தை முறையை அவர்கள் வெறுப்பதுபோல் நாமும் வெறுக்கிறோம். ஸ்கொத்லாந்து 2004இலும் வேல்ஸ் 2009இலும் வாங்குவோர்-விற்போர் பிரிவினையைக் கைவிட்டு நாட்டைக் கவிழ்த்துவிடவில்லை. எனினும் முதலாளியின் ஆலை என்பதற்காகத் தொழிலாளர் 1847ஆம் ஆண்டுப் பத்து மணி நேரச் சட்டத்தை வேண்டாமென்றார்களா? மசோதாவின் முதல் வடிவம் இத்தகைய நிருவாகசபையை வலியுறுத்தவில்லை. 2011 வசந்தத்தில் எழுந்த எதிர்ப்பினால் அரசாங்கம் மசோதாவை இரு மாதம் நிறுத்திவைக்க நேர்ந்தது. அதன் பின்னரே நிருவாகசபை, பொது உறுப்பினர், மக்கள் முன் கூட்டம் என்பன நுழைந்தன. இவை அமைச்சரின் தானம் அல்ல, பறித்தெடுத்தவை.

சடங்கு முறையான ஒழுங்கு எத்துணை வெறுமையானது என்பதற்கு ஸ்ராபர்ட் ஆஸ்பத்திரி சாட்சி. 2005 தொடக்கம் 2009 வரை அங்கே நோயாளர் தண்ணீரின்றியும் கவனிப்பாரின்றியும் கிடந்தனர். அக்காலத்தில் சேவையைக் கொள்வனவு செய்த அமைப்புக்குச் சபை இருந்தது, கணக்காய்வுக் குழு இருந்தது, வெளியாரும் இருந்தனர். ஆனால் உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் இறந்தோரின் உறவினர். 2013 பெப்ரவரியில் வெளியான பிரான்சிஸ் அறிக்கை இதனை விரிவாகக் காட்டிற்று. வரவு செலவு சமன், இலக்கு நிறைவு என்ற இரண்டையே பார்த்த கண்களுக்குக் கட்டில் தெரியவில்லை.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. மக்கள் தெரிந்தெடுத்த உள்ளூராட்சி மன்ற உறுப்பினர் இக்குழுக்களின் நிருவாகசபையில் இருப்பதற்கு 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் தகுதி மறுத்தன. தனியார் கம்பனியில் பங்குடைய வைத்தியர் அமரலாம், வாக்காளருக்குப் பதில் சொல்லவேண்டியவர் அமரக்கூடாது! குழுக்கள் மேலிருந்த தேசிய அதிகாரசபைக்கே பொறுப்புக் கூறின. கீழே இருந்த மக்களோடு “கலந்தாலோசித்தால்” போதும் என விடப்பட்டது. காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் மாலையில் தனியார் நிலையத்திலும் அதே வைத்தியரைக் காணும் எமது நாட்டு வாசகருக்கு இந்நிலைமையை அதிகம் விளக்கவேண்டியதில்லை.

2022 யூலை முதலாந் தேதி இக்குழுக்கள் கலைக்கப்பட்டன. இணைப்புகளால் அவை அப்போது 106 ஆகக் குறைந்திருந்தன. அவற்றின் இடத்தில் 42 பெருஞ்சபைகள் வந்தன. தனியார் சுகாதாரத் துறைத் தொடர்பினால் பொதுச் சேவையின் சுயாதீனத்தைக் குலைக்கக்கூடியவரை நியமிக்கலாகாது என்று புதிய சட்டம் கூறுகிறது. பத்தாண்டுக் கூச்சலின் பலன் அது. ஆனால் பணப்பை பெரிதாயிற்று, அதை வைத்திருப்பவர் ஊரிலிருந்து இன்னும் தூரம் போய்விட்டார். முன்பு வாசலில் நிறுத்தப்பட்ட உள்ளூராட்சி மன்றங்கள் இப்போது குறைந்தது ஓர் உறுப்பினரை முன்மொழியலாம். ஒருவர் போதாது என்பது எமது கட்சி.