ஏரிக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

ஏரி என்றால் நமக்கு இரண்டு சமயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, குழாயில் தண்ணீர் வராத கோடை. இன்னொன்று, வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடும் மழைக்காலம். மிச்ச நாட்களில் நம்ம ஊர் ஏரி எப்படி இருக்கிறது என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

இப்போதெல்லாம் "ஏரி காப்போம்" என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பனியன், தொப்பி, கையுறை, ஒரு பேனர். பிளாஸ்டிக் பொறுக்குகிறோம், ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுகிறோம், வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறோம், பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம். தப்பென்று சொல்லவில்லை. சும்மா இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஆகாயத்தாமரை நோய் இல்லை, நோயின் அறிகுறி. சாக்கடையோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதற்குச் சாப்பாடு. சாப்பாடு நிற்காத வரைக்கும், இழுத்துப் போட்ட செடி சில வாரங்களில் மறுபடியும் வந்து நிற்கும். காய்ச்சல்காரனுக்கு நெற்றியைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போவது போலத்தான் இது. காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா?

என் கட்சி இதுதான்: வருஷத்தில் ஒரு நாள் ஐந்நூறு பேர் ஏரிக்குப் போவதைவிட, வாரத்தில் ஒரு நாள் இரண்டு பேர் போய் அளந்து எழுதி வைப்பது அந்த ஏரிக்கு அதிக நன்மை.

அளப்பதா? அதற்கு ஆய்வகம் வேண்டாமா என்பீர்கள். ஒரு தட்டும் கயிறும் போதும், ஆரம்பிக்க. 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் (வானியல் அறிஞரும்கூட) மத்தியதரைக் கடலில் ஒரு வெள்ளைத் தட்டை இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். இன்றைக்கும் உலகமெங்கும் ஏரிகளில் அதே முறைதான். 20 செ.மீ. அகலத் தட்டு, நான்காகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை பெயின்ட், நடுவில் கனம், அளவு குறித்த கயிறு. மறையும் ஆழம் ஒன்று, மேலே இழுக்கும்போது திரும்பத் தெரியும் ஆழம் ஒன்று. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் தண்ணீரின் தெளிவு கிடைத்துவிடும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1973 முதல் ஏரிக்கரை மக்களே இப்படி அளந்து அனுப்புகிறார்கள். சம்பளம் கிடையாது. ஒரு நாள் அளவால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பத்து வருஷம் சேர்ந்தால், ஏரி தேறுகிறதா சீரழிகிறதா என்று அந்த எண்களே சொல்லிவிடும்.

அங்கே ஆழமான ஏரி, சொந்தப் படகு. நம் ஏரிகள் ஆழமில்லாதவை, மழை பெய்தால் செம்மண் கரைசல். சரி, அதற்கேற்ற மாதிரி எழுதுவோம். மதகுப் படியில் நின்றே தட்டை இறக்கலாம், தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். அடித்தரை தெரிந்தால் "அடி தெரிகிறது" என்று எழுதுங்கள். கடைசியாக மழை பெய்த தேதியைப் பக்கத்திலேயே குறியுங்கள். தண்ணீர் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் வண்டல், பச்சைப் பெயின்ட் கொட்டியது போல இருந்தால் பாசி. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவா? இரவெல்லாம் பாசியும் மூச்சு விடுவதால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவது அந்த நேரத்தில்தான். எந்தக் குழாயிலிருந்து சாக்கடை வருகிறது, நுரை இருக்கிறதா, மதகில் எத்தனையாவது படியில் தண்ணீர், கலங்கல் என்றைக்கு வழிந்தது... அரைப் பக்கம், அவ்வளவுதான்.

பெங்களூரு பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. தண்ணீரில் தீயா என்று ஆச்சரியப்பட்டோம். ஏரி ஒரே நாளில் அந்த நிலைக்கு வருவதில்லை. அதற்கு முன்பே அங்கே நுரை பொங்கிக்கொண்டிருந்தது. தெரு வரைக்கும் வந்தால்தான் செய்தி என்று நாம் பழகிவிட்டோம்.

இதெல்லாம் வெளிநாட்டு விஷயம் என்று யாரும் ஒதுக்க முடியாது. உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 919, 921, முதலாம் பராந்தகன் காலம்) என்றதும் எல்லோரும் குடவோலையைச் சொல்வோம். அதே கல்வெட்டில்தான் ஏரிக்கென்று தனி வாரியம் வருகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் போட்டியிட முடியாது என்ற விதியும் அதில் இருக்கிறது! ஏரியைக் கவனிப்பது என்றால் கணக்கு வைப்பது என்று அன்றைக்கே புரிந்திருக்கிறது.

அதற்காகப் பழம்பெருமை பேச நான் வரவில்லை. அந்த வாரியத்தில் உட்கார நிலமும் வேதப் படிப்பும் வேண்டும். பிற்காலத்தில் மடை திறந்து, கரை பார்த்து, யார் வயலுக்கு எவ்வளவு என்று பகிர்ந்து கொடுத்த நீர்கட்டிகளில் பெரும்பாலோர் தலித்துகள். ஏரியை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. ஆனால் முடிவு எடுக்கும் இடத்தில் அவர்களுக்கு இடம் கிடையாது. இன்றைக்கு நாம் ஆரம்பிக்கும் நோட்டுப் புத்தகமும் அபார்ட்மென்ட்வாசிகள் நடைப்பயிற்சிக்கு வரும்போது எழுதுவதாக மட்டும் ஆகிவிடக் கூடாது. மீன் பிடிப்பவர், மாடு ஓட்டி வருபவர், துணி துவைப்பவர் சொல்வதும் அதில் ஏற வேண்டும். தண்ணீர் கெட்டால் முதலில் அடி வாங்குவது அவர்கள்தான்.

"மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதற்கு இருக்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜனாவது கரைந்திருக்க வேண்டும் என்று மத்திய வாரியம் வரையறுத்திருக்கிறது. அதைச் சரியாக அளக்கக் கருவியும் ஆளும் அவர்களிடம்தான் உண்டு. நம் தட்டும் கயிறும் அதற்கு மாற்று இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்ந்து சுமார் 39,000. அத்தனை கரையிலும் வாராவாரம் அதிகாரி வந்து நிற்பாரா? "ஏரி நாறுது சார்" என்று மனு கொடுத்தால் கோப்பில் தூங்கும். "ஜூன் வரை 60 செ.மீ. இருந்த தெளிவு, இந்தக் குழாய் வந்த பிறகு 15 செ.மீ. ஆகிவிட்டது, இதோ இருபது வாரக் கணக்கு" என்று கிராம சபையில் நீட்டினால், பதில் சொல்லாமல் நழுவுவது கொஞ்சம் கஷ்டம்.

எழுதி வைத்தால் மட்டும் சாக்கடை நின்றுவிடாது, உண்மைதான். ஆனால் எழுதாத ஏரிக்குச் சாட்சி கிடையாது. மூடிவிட்டு, "இங்கே ஏரியா? அது எப்பவோ செத்துப்போச்சே" என்று சொல்பவர்களுக்கு அதுதான் வசதி.

ஒரு தட்டு, கயிறு, நாற்பது பக்க நோட்டு. டீ செலவுதான் ஆகும். அடுத்த ஞாயிறு உங்கள் ஊர் ஏரிக்குப் போகிறீர்களா? அப்படியே அதற்கடுத்த ஞாயிறும் போங்கள்.