சிலிண்டர் கனக்குது... அடுப்பு மட்டும் எரியலையே!

காலை 6 மணி. அடுப்பில் பால் பாத்திரம். குமிழைத் திருகி லைட்டரைத் தட்டினால் 'டக் டக்' சத்தம்தான் வருகிறது. தப்பித் தவறி தீ வந்தாலும் அகல் விளக்கு மாதிரி மினுக்குகிறது. "முந்தாநாள்தானே சிலிண்டர் மாத்தினோம்! எடையைக் குறைச்சு ஏமாத்திட்டாங்க" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். அசைத்துப் பார்த்தால் சிலிண்டர் கனக்கிறது. அப்படியானால் கேஸ் இருக்கிறது. வழியில்தான் எங்கோ நின்றுவிட்டது.

எங்கே என்று தெரிய ஒரே கேள்வி போதும். ஒரு பர்னர் மட்டும் மக்கர் செய்கிறதா, எல்லாமேவா?

எல்லா பர்னரும் என்றால், முதலில் சிலிண்டர் பக்கம் பார்க்க வேண்டும். ரெகுலேட்டர் 'க்ளிக்' என்று உட்கார்ந்தால்தான் சிலிண்டர் வால்வில் உள்ள பின் அழுந்தி வழி திறக்கும். அவசரத்தில் மாட்டியது அரைகுறையாக நிற்கலாம். அணைத்து, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்க்கலாம். அடுத்தது டியூப். வீடு துடைக்கும்போது சிலிண்டரை நகர்த்தியதில் மடங்கியிருக்கும், அல்லது அடுப்பின் கால் அதன்மேல் ஏறி நிற்கும். அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டையும் பார்ப்பது நல்லது. 5 வருடக் கெடு தாண்டியிருந்தால், அடைப்பு இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டியதுதான். இரண்டும் சரி என்றால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். அதை வீட்டில் பிரிக்கக் கூடாது. ஏஜென்சியிடம் காட்ட வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மார்கழிக் குளிரில் இன்னொரு காரணமும் உண்டு. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் தீ எரியும். குளிரில் ஆவியாவது மந்தமாகும், அதுவும் சிலிண்டர் தீரப்போகும் சமயத்தில். உடனே சிலர் சிலிண்டரைப் படுக்க வைப்பார்கள், வெந்நீரில் நிறுத்துவார்கள். இரண்டுமே ஆபத்து. படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வரும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் கேஸாக விரியும் என்றால் அடுப்பில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஒரு பர்னர் மட்டும் என்றால் கவலை குறைவு. பால் பொங்குவது தைப்பொங்கலுக்குத்தான் அழகு. மற்ற நாளில் அது பர்னர் துளையை அடைத்துவிடும். ரெகுலேட்டரை மூடி, பர்னர் ஆறியதும் எடுத்து, சோப்பு வெந்நீரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்து மாட்ட வேண்டும். அடியில் உள்ள குழாயையும் எட்டிப் பார்க்கலாம். சிலந்தி வலை, கரப்பான் பூச்சி எல்லாம் அங்கே குடியிருக்கும்.

கை வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. பர்னருக்குக் கீழே கேஸ் வெளியே வரும் 'ஜெட்'. ஊசி முனை அளவுத் துளைதான் அது. அதைக் குத்தி நோண்டினால் துளை பெரிதாகும். நீலத் தீ மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி ஏறும், கேஸும் சீக்கிரம் தீரும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

எதைக் கழற்றி மாட்டினாலும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது கூடவே கூடாது. வாடை அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906, இரவிலும் எடுப்பார்கள். அந்த போனையும் வெளியே வந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.