ஒரே தாளை இருவர் பார்த்தால் போதுமா?

2015 மார்ச் 10 அன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய ஏர் ஏசியா எக்ஸ் விமானத்தின் கணினி, தான் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்கு அருகே கடலில் நிற்பதாக நம்பியது. விமானம் நின்ற இடத்தின் தீர்க்கரேகை 151 டிகிரி 9.8 நிமிடம் கிழக்கு. கணினியில் ஏற வேண்டிய எண் 15109.8. தலைமை விமானி தட்டியதோ 01519.8, அதாவது 15 டிகிரி 19.8 நிமிடம். விளைவு, 11,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பிசகு. தரையில் இருக்கும்போதே இதைக் கண்டுபிடிக்கப் பல வாய்ப்புகள் இருந்தன என்கிறது ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை அறிக்கை. ஆனால், மேலெழுந்த விமானம் தவறான பக்கம் திரும்பி, பக்கத்து ஓடுபாதையின் புறப்பாட்டுப் பாதையைக் குறுக்கிட்ட பிறகுதான் விமானிகளுக்கு விஷயம் உறைத்தது. பறந்துகொண்டே கருவிகளைச் சரிசெய்ய முயன்றார்கள். நிலைமை இன்னும் மோசமானது. சிட்னியில் மேகம் தாழ்ந்து கிடந்ததால் அங்கே திரும்ப முடியவில்லை. கடைசியில் மெல்போர்னில் இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லி மூடிவிடலாம். ஆனால், அந்த அறிக்கையில் வரும் ஒரு சின்னத் தகவல் என்னை அப்படி நகரவிடவில்லை. புறப்பாட்டுக்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து வெளிப்புறத்தைப் பார்வையிடுவது வழக்கமாகத் தலைமை விமானியின் வேலை. அன்று அவருடைய காதுக் கவசம் கைவசம் இல்லை. ஆகவே துணை விமானி கீழே போனார்; தலைமை விமானி உள்ளே உட்கார்ந்து எண்களை ஏற்றினார். ஒருவர் ஏற்ற, மற்றவர் சரிபார்க்க வேண்டிய ஏற்பாடு இப்படித்தான் தலைகீழானது. எண்ணைத் தட்டிய விரலைவிட, அந்த எண்ணை வேறொரு ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாமவர் இல்லாமல் போனதே என் கணக்கில் பெரிய பிழை. விமானப் பாதுகாப்பில் ‘இரட்டைச் சரிபார்ப்பு’ என்று பெருமையாகச் சொல்லப்படும் ஏற்பாடு, இரண்டாவது ஆள் முதல் ஆளிடமிருந்து எதையும் கடன் வாங்காதவரைதான் வேலை செய்யும்.

பிரேசிலில் 1989 செப்டம்பர் 3 அன்று நடந்தது இதைவிடத் துலக்கமான சாட்சி. மராபாவிலிருந்து பெலெமுக்குப் போக வேண்டிய வாரிக் நிறுவனத்தின் 254ஆம் எண் விமானம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். பயணத் திட்டத்தில் திசை 0270 என்று அச்சாகியிருந்தது. அதன் பொருள் 27.0 டிகிரி, அதாவது ஏறக்குறைய வடக்கு. தலைமை விமானி அதை 270 என்று படித்து மேற்கே திருப்பினார். வெளிப்புறப் பார்வை முடிந்து உள்ளே வந்த துணை விமானி, தன் கையிலிருந்த திட்டத்தைப் பார்க்கவில்லை. தலைமை விமானியின் கருவியைப் பார்த்து அதே எண்ணைத் தன் கருவியிலும் வைத்துக்கொண்டார். இரண்டு கருவிகளும் ஒத்துப்போயின. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய விடை அவன் விடையோடு ஒத்துப்போவதில் என்ன அதிசயம்? மாலை நேரம். வடக்கே போகும் விமானத்துக்கு இடப்புறம் இருந்திருக்க வேண்டிய சூரியன் நேர் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து, எரிபொருள் தீர்ந்து, இருட்டில் அமேசான் காட்டுக்குள் விழுந்தது. பலர் மாண்டார்கள்.

ஒவ்வொரு இலக்கத்தையும் சரியாக ஏற்றிச் சரியாகச் சரிபார்த்தாலும் விமானம் மலையில் மோதலாம் என்பதற்கு அண்டார்டிகா சாட்சி. ஆக்லாந்திலிருந்து பனிக்கண்டத்தைச் சுற்றிக்காட்டக் கிளம்பிய ஏர் நியூசிலாந்தின் டிசி-10 விமானம், 1979 நவம்பர் 28 அன்று எரெபஸ் எரிமலையில் மோதி 257 பேரும் இறந்தனர். முந்தைய மாதங்களில் புழங்கிய கணினிப் பாதை, 166 டிகிரி என்றிருக்க வேண்டிய இடத்தில் 164 என்று யாரோ தட்டியதால், மலையை விட்டு விலகிக் கடற்பரப்பின் மேலாகப் போயிற்று. அன்று கிளம்பிய விமானிகளுக்கு முன்கூட்டியே விளக்கப்பட்டதும் அந்தப் பாதைதான். புறப்பாட்டு நாளின் அதிகாலையில் அலுவலகத்தில் அந்த எண்ணைத் ‘திருத்தினார்கள்’. பாதை எரெபஸ் மலைக்கு நேரே நகர்ந்தது. விமானிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் கையில் கிடைத்த தாளில் இருந்ததை அவர்கள் பிசகில்லாமல் கணினியில் ஏற்றினார்கள். தாளும் கணினியும் ஒத்துப்போயின. தாளை எதனோடு ஒப்பிடுவது?

தாழ்வாக இறங்கியது விமானிகளின் முடிவுதானே என்று கேட்கலாம். 1980இல் வெளியான முதல் விசாரணை அறிக்கை அப்படித்தான் சொன்னது. மறு ஆண்டு நீதிபதி பீட்டர் மேஹனின் விசாரணை ஆணையம், சொல்லாமல் பாதையை மாற்றியதே முதன்மைக் காரணம் என்றது. நிறுவன அதிகாரிகள் கூடிப் பொய் சொன்னதாக அவர் சாட்டிய பகுதி மேல்முறையீட்டில் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2019இல், நாற்பதாம் ஆண்டு நினைவுநாளில், பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். விமானியைத் தண்டிப்பது வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. ஆனால், தண்டனை அடுத்த விமானியின் கையில் மாற்று ஆதாரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

‘இதெல்லாம் பழைய கதை, இப்போது எந்திரமே கண்டுபிடித்துவிடும்’ என்ற மறுப்பு வலுவானது. சிட்னி விமானத்தில் மேம்பட்ட கணினி இருந்திருந்தால் அந்தப் பிழை உள்ளேயே நுழைந்திருக்காது என்று விசாரணையாளர்களே சொன்னார்கள். அந்த மேம்பாடு கட்டாயம் வேண்டும். ஆனால், எந்திரமும் எந்திரத்தைப் பார்த்து எழுதும். 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு திணறியது அப்படித்தான். ஒரு பயணத் திட்டத்தில் டி.வி.எல். என்ற ஒரே குறியீடு இரண்டு இடங்களைக் குறித்தது: ஒன்று பிரான்சின் டோவில், மற்றொன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக். குழம்பிய முதன்மைக் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. பொறுப்பேற்ற மாற்றுக் கணினியில் இருந்ததும் அதே மென்பொருள். அதே திட்டத்தைப் படித்து அதுவும் நின்றது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அல்லல்பட்டார்கள். ஜிபிஎஸ் இருக்கிறதே என்றால், 2023 முதல் மேற்காசிய வானில் போலிச் சமிக்ஞைகள் விமானங்களைத் திசைதிருப்புவது பற்றி இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமே எச்சரிக்கைச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

நேரம் ஏது என்பார்கள் விமான நிறுவனத்தார். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் காசு போகிறது என்பது உண்மைதான். ஆனால், இங்கே கேட்பது நிமிடக் கணக்கு. எண்ணை ஏற்றியவர் கை எடுத்த பிறகு, இரண்டாமவர் தனக்கென உள்ள திட்டத்தாளிலிருந்து முதல் திருப்பத்தின் திசையையும் தூரத்தையும் கணக்கிட்டு, திரையில் இருப்பதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அலுவலகம் பாதையில் எதை மாற்றினாலும், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். வேலையை இருவரும் மாற்றிக்கொண்டால் சரிபார்ப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்காகப் புறப்பாடு தள்ளிப்போனால், அந்தத் தாமதத்தை விமானியின் கணக்கில் எழுதக் கூடாது. இதைக் கண்காணிப்பு அமைப்புகள் விதியாகவே ஆக்கலாம். இவற்றைத் தரையிலேயே செய்ய வேண்டியதற்குக் காரணம் உண்டு. விமானத்தின் நிலைம வழிகாட்டிக் கருவிகள் தங்கள் இருப்பிடத்தைப் புதிதாகக் கணிக்க வேண்டுமானால் விமானம் அசையாமல் சில நிமிடங்கள் நிற்க வேண்டும். அந்த வசதி வானத்தில் கிடையாது. சிட்னியில் நிறுத்துமிடத்திலேயே அதைச் செய்திருந்தால் ஒரு சிறு தாமதத்தோடு கிளம்பியிருப்பார்கள். பயணிகளோ மெல்போர்னில் இறங்கி மூன்று மணி நேரம் காத்திருந்துதான் கோலாலம்பூருக்குப் போனார்கள்.