சிவமூலியும் சட்டமும்

பாற்கடலைக் கடைந்தபொழுது நஞ்சும் தோன்றிற்று, அமுதமும் தோன்றிற்று என்பது நம் புராணக் கதை. ஒரே கடலிற் பிறந்தவை என்பதற்காக இரண்டையும் எவரும் ஒன்றாகக் கருதினாரல்லர். நஞ்சு இறைவனது கண்டத்தில் அடங்கிற்று. அமுதம் தேவர்க்கு உணவாயிற்று. கஞ்சாச் செடியைக் குறித்து இன்று உலக அரங்கிலே நடைபெறும் வழக்கும் இத்தகைய பகுப்பைப் பற்றியதே யாகும். அப்பகுப்பை நம் நாடும், நம் மலைநாட்டு மாணவரும் செவ்வனே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயம் நமக்குத் தூரத்ததன்று. ஆண்டுதோறும் மார்கழி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலை யாத்திரை நடைபெறுகின்றது. அக்காலத்திலே கஞ்சாவுடன் வந்த இளைஞர்களை அட்டன் பகுதியிற் பொலிசார் கைதுசெய்து நீதவான் முன்னிலையில் நிறுத்தினர் என்னும் செய்தியைப் பத்திரிகைகளிற் பருவந்தோறும் காண்கின்றோம். இதனை வாசிக்கும் இளைஞருட் சிலர், “சித்தர்கள் சிவமூலி என்று போற்றிய செடிதானே! வெளிநாடுகளும் இப்பொழுது மருந்தென ஒப்புக்கொண்டனவே!” என்கின்றனர். பெரியோருட் சிலரோ, அதன் பெயரைச் சொல்லுதலும் தகாது என்று வாயை அடைத்து விடுகின்றனர். இவ்விரு கூற்றும் பிழையென்பது என் துணிபு. முன்னையது மருந்தையும் மயக்கத்தையும் ஒன்றாக்குகின்றது. பின்னையது அறியாமையைக் காவலாக நிறுத்துகின்றது.

சட்டம் வந்த வழியை முதலில் நோக்குவோம். 1893ஆம் ஆண்டில் இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசு கஞ்சா பற்றி ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. 1,193 சாட்சிகளை விசாரித்த அக்குழு, அளவான உபயோகத்தாற் பெருந்தீங்கு விளைவதில்லை என்றும், அளவு மீறிய உபயோகம் உடலையும் உள்ளத்தையும் கெடுக்கும் என்றும், முற்றாகத் தடுப்பதினும் வரியும் கட்டுப்பாடும் விதித்தலே தக்கது என்றும் 1894இல் அறிக்கை சமர்ப்பித்தது. எனினும் 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இச்செடியைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குட் கொணர்ந்தது. இலங்கையிலே நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் பற்றிய 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. இன்றளவும் இதனைப் பயிரிடுதலும், வைத்திருத்தலும், விற்றலும் அச்சட்டத்தின்படி குற்றமாகும்.

1961ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் எழுந்த உடன்படிக்கை போதைப்பொருள்களைப் பட்டியல்களாக வகுத்தது. முதற் பட்டியல் கடுங்கட்டுப்பாட்டுக்கு உரியது. நான்காம் பட்டியலோ, தீங்கு மிக்கவை, மருத்துவப் பயன் போதாதவை எனக் கருதப்பட்டவற்றுக்கு உரியது. மோர்பின் முதற் பட்டியலில் மட்டும் இடம்பெற்றது. கஞ்சாவோ ஹெரோயினுடன் சேர்த்து இரு பட்டியல்களிலும் எழுதப்பட்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. மருத்துவப் பயன் இல்லையென்று ஏட்டிலே எழுதிவிட்ட பொருளை ஆராய எந்த அரசு மனமுவந்து அனுமதி அளிக்கும்? ஆராய்ச்சி இல்லாமையால் பயன் தெரியவில்லை. பயன் தெரியாமையால் ஆராய்ச்சிக்கு இடமில்லை. இவ்வாறு வழி அடைபட்டுக் கிடந்தது.

அவ்வழியை ஓரளவு திறந்தது 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு செய்த சிபாரிசை ஏற்று, ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணைக்குழு கஞ்சாவை நான்காம் பட்டியலினின்று நீக்கியது. ஆதரவு 27, எதிர்ப்பு 25, நடுநிலை 1. ஆயின் முதற் பட்டியலில் அது இன்றும் உள்ளது. மாணவர் இதனை நன்கு மனத்திற் கொள்க. ஹெரோயினின் பக்கத்திலிருந்து மோர்பினின் பக்கத்துக்கு அது வந்ததேயன்றி, தேயிலையின் பக்கத்துக்கு வந்துவிடவில்லை.

இனி மருத்துவம் கூறுவதை நோக்குவோம். 1839ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஒஷானசி என்னும் மருத்துவர் வலிப்பு முதலிய நோய்களுக்கு இதனைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். 1964இல் இஸ்ரவேல் நாட்டு அறிஞர் மெசூலமும் அவர்தம் துணைவரும், மயக்கத்தை உண்டாக்கும் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தனர். மயக்கம் தராத கன்னாபிடியோல் என்னும் மற்றொரு பொருளும் அச்செடியில் உண்டு. குழந்தைகளைத் தாக்கும் கொடிய வலிப்பு நோயொன்றில் இதனை 120 நோயாளரிடத்துப் பரிசோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். மருந்து பெற்றோருக்கு மாதம் 12.4 ஆக இருந்த வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆயிற்று, வெறும் போலி மருந்து பெற்றோருக்கு 14.9 என்பது 14.1 ஆயிற்று. 2018இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக அங்கீகரித்தது. புற்றுநோய்ச் சிகிச்சையால் உண்டாகும் வாந்திக்கும் இச்செடியின் மூலப்பொருளை ஒத்த மருந்து பயன்படுகின்றது. இவை அளந்து, சோதித்துக் கண்ட நன்மைகள். இளவயதில் இடைவிடாது புகைப்போருக்கு நினைவும் கவனமும் குன்றுதலும், சிலருக்குச் சித்தப்பிரமை போன்ற நோய் தோன்றும் அபாயம் மிகுதலும் அவ்வாறே ஆராய்ந்து கண்ட தீமைகள். நன்மையை நம்பித் தீமையை மறுப்பவன் ஆராய்ச்சியை மதிப்பவனல்லன்.

நம் நாட்டுக்கு இவ்விடயத்தில் ஓர் அரிய வாய்ப்பு உண்டு. சித்தம், யுனானி ஆகியவற்றையும் தன்னுள் அடக்கிய 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், சுதேச மருந்து செய்வதற்கு அனுமதியுடன் கஞ்சாவைப் பெற இடமளித்தது. ஆயின் அவர்களுக்குக் கிடைப்பது யாது? வழக்குகளிற் கைப்பற்றப்பட்டு, நீதிமன்றக் களஞ்சியத்திற் கிடந்த பழஞ்சரக்கே. அது வைத்தியர் கைக்கு வரும்பொழுது நான்கைந்து ஆண்டுகள் கடந்து வீரியம் இழந்து விடுகின்றது என 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சரே கூறினார். வீரியம் இன்னதெனத் தெரியாத சரக்கைக் கொண்டு எவ்வாறு மருந்தை அளப்பது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. அரசின் நேர்க்காவலில் விளைந்த, அளவு தெரிந்த மூலிகையை இவ்விடங்களுக்கு வழங்கி, மேனாட்டு மருத்துவரையும் உடன் சேர்த்து, முறையாக ஆராய வேண்டும். ஏற்றுமதி வருவாயைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருத்தல் போதாது.

“மருந்துக்கென்று கதவைத் திறந்தால் இளைஞர் கெடுவர்” என்பார் உளர். அவர்தம் அச்சம் வீணன்று. தாய்லாந்து 2022இல் தக்க விதிகளை வகுக்கு முன்னரே கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலினின்று நீக்கிற்று. தெருவெங்கும் கடைகள் பெருகின. 2025இல் வைத்தியரின் சீட்டு இன்றி விற்கலாகாது என மீண்டும் விதி செய்ய நேர்ந்தது. ஆயினும் மோர்பின் நம் வைத்தியசாலைகளிற் பல்லாண்டுகளாகக் காவலுடன் வழங்கப்படுகின்றது. அதனால் நோயாளியின் வேதனை தணிகின்றதே யன்றி வீதியில் எவரும் மயங்கி விழவில்லை. கெடுப்பது மருந்தன்று, காவலின்மையே.

இறுதியாக, அகப்பட்ட இளைஞனைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் நீதிமன்றம் ஏறினால், கொழுந்து பறிக்கும் தாய் தன் நாட் பேரை இழந்து அங்கே நிற்கின்றாள். வழக்கறிஞர் கூலிக்குக் கடன் படுகின்றாள். பின்னர் அவன் தொழில் தேடும் இடமெல்லாம் அவ்வழக்கு முன்னே செல்கின்றது. போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமென 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. விற்போனைத் தண்டிக்கும் சட்டம், பழக்கத்திற்கு ஆட்பட்ட சிறுவனை நல்ல மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் சேர்ப்பதே முறை. அத்தகைய வசதி மலைநாட்டிலே, தமிழ் மொழியிலே, தோட்டத்துக்கு அண்மையிலே கிடைக்கச் செய்தல் நம் கடன்.

கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் மருந்தை 95ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வகுத்தார் வள்ளுவர். அவ்வகுப்பறிவே நமக்கு இன்று வேண்டுவது. மருத்துவராயும் வழக்கறிஞராயும் அரச அதிகாரிகளாயும் விளங்கும் பழைய மாணவர்காள், ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் வழிசெய்யக் குரல் கொடுங்கள். இன்று கற்கும் மாணவர்காள், சிவமூலி என்ற பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். மருந்தாயின் அது வைத்தியர் கையினின்று, அளவோடு, நோயுற்றவனுக்கு வருவது. மலையேறும் வழியில் நண்பன் நீட்டுவது மருந்தன்று.