இரண்டாவது பெயர்

கலைப்பீடத்துக்காரிக்கு ரெர்மினலில் என்ன வேலை எண்டு கேட்பீங்கள். போன வருசம் வரைக்கும் எனக்கும் அங்க ஒரு வேலையும் இருக்கேல்ல.

நாங்கள் நாலைஞ்சு பேர் சேர்ந்து அம்மம்மாக்களிடம் இடம்பெயர்ந்த கதைகளைக் கேட்டுப் பதிவுசெய்து, எழுத்தாக்கி வைத்திருந்தோம். எல்லாம் லாப்பில் உள்ள லினக்ஸ் கொம்பியூட்டரில், ஒரு பொதுப் போல்டரில். ஏற்றினது ஒரு சீனியர் அண்ணா. அவர் பட்டம் முடிச்சுப் போக, அவரின்ர கணக்கையும் அழிச்சிட்டினம். அதுக்குப் பிறகுதான் ஒரு அம்மம்மா, தன்ர தம்பியின்ர பேரைப் பிழையா எழுதியிருக்கிறியள், மாத்துங்கோ எண்டு சொல்லி அனுப்பினா. திறந்து பார்த்தால், வாசிக்கலாம், ஓரெழுத்தும் திருத்த ஏலாது. சொந்தக்காரர் பெயர் இருக்கிற இடத்தில 1004 எண்டு ஒரு எண் மட்டும் நிற்குது. அதே எண் நாளைக்குப் புதுசா வாற ஒருத்தருக்குக் கிடைச்சால் அம்மம்மாக்களின் கதையெல்லாம் அவருடையது. பகிடி இல்லை, உண்மையிலேயே அப்படித்தான்.

கொப்பி எடுத்துத் திருத்தலாம்தான். ஆனால் பிறகு இரண்டு பிரதி. எது சரியெண்டு அடுத்த பட்சுக்கு எப்படித் தெரியும்?

லினக்ஸில் ஒவ்வொரு பைலுக்கும் இரண்டு பெயர் உண்டு: முதலாவது சொந்தக்காரர், இரண்டாவது குறூப். இரண்டாவதை மாற்றுகிற கட்டளை சிஎச்ஜிஆர்பி. கட்டளை, குறூப்பின் பெயர், பைலின் பெயர், அவ்வளவுதான். அண்ணா இருக்கேக்க அவரே இதை அரை நிமிசத்தில செய்திருக்கலாம். ஒரே நிபந்தனை, அந்தக் குறூப்பில அவரும் ஒராளா இருக்கவேணும். தான் சேராத குறூப்புக்குச் சாதாரண ஆளால பைலைக் குடுக்க ஏலாது. எனக்கு இந்த விதி நல்லாப் பிடிச்சிருக்கு.

பிடிக்காதது வேறொண்டு. உபுண்டுவில் புதுசா ஒராளைச் சேர்த்தால் அவர் பேரிலேயே ஒரு குறூப்பும் வரும், உள்ளே அவர் மட்டும். அவர் எழுதிறதெல்லாம் அந்தத் தனியாள் குறூப்புக்குத்தான் போகும். நாங்களும் அப்படித்தான். அட்டையில கூட்டு முயற்சி எண்டு போடுறம், பாஸ்வேர்ட் ஒரு அக்காட்ட, சாவி ஒரு அண்ணாட்ட.

குறூப்பின் பெயரை மாற்றினாலும் காணாது, குறூப்புக்கு எழுதும் அனுமதியும் குடுக்கவேணும். இனி வாற பைல்களும் அதே குறூப்பில விழ, போல்டருக்கு ஜி பிளஸ் எஸ் போடவேணும். இதுக்குப் பஞ்சிப்பட்டு எல்லாருக்கும் எல்லா அனுமதியும், அதாவது 777, போட்டுவிடுகிற ஆக்கள் கனபேர். எனக்கு அதில உடன்பாடில்லை. ஆர் எங்க ஒளிஞ்சிருந்தவை எண்டு பெயரோட சொன்ன கதைகள் அவை. லாப்புக்கு வாற எல்லாரும் கை வைக்கிற இடத்தில கிடக்கக்கூடாது. எல்லாரும் எழுதினால் பழுதாக்கிப்போடுவினம் எண்டு ஒரு நண்பன் சொன்னான். ஆக்கலாம்தான். அதுக்குப் பிரதி எடுத்து வைக்கிறதுதான் வழி, ஒராளிட்டப் பூட்டி வைக்கிறதில்லை.

கணக்கே இல்லாத அண்ணாவின் பைலை ரூட் அதிகாரம் உள்ளவர்தான் மாற்றவேணும். கடிதம், கையெழுத்து எண்டு மூன்று கிழமை போச்சு. கடைசியில் அவர் பெரிய ஆரும் சேர்த்து ஒரே வரி அடிச்சார், முழுப் போல்டரும் மாறிட்டுது.

தம்பியின்ர பேரைத் திருத்தியாச்சு. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாற சனிக்கிழமை அம்மம்மாவிட்டப் போகவேணும்.